பூங்காவில் வளரும் இளம் வல்லூறுகள்

வேட்டைப் பறவைகளைக் காணவேண்டுமாயின் தொலைவிலுள்ள காடுகளுக்கும் மலைகளுக்கும் செல்லவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. முதிர்ந்த மரங்கள் சில நிற்கும் பூங்காவும், அவற்றில் அணிலும் ஓணானும் சிறு பறவைகளும் இருத்தலும் போதும். அங்கே வல்லூறு குடிபுகுந்துவிடும். நகர மக்கள் அதன் கூட்டுக்கு அடியிலேயே நாள்தோறும் உலாவிச் செல்வர். ஆயினும் தலையை நிமிர்த்திப் பார்ப்பவர் சிலரே.

புது தில்லியிலுள்ள லோதித் தோட்டம் இத்தகைய இடங்களுள் ஒன்று. சையது, லோதி வமிச அரசர்களின் கல்லறைகள் இங்கு உள்ளன. முகம்மது ஷாவின் கல்லறை 1444-ஆம் ஆண்டிலும், சிக்கந்தர் லோதியின் கல்லறை 1517-ஆம் ஆண்டிலும் எழுந்தவை. இவற்றைச் சூழ்ந்த நிலம் 1936-ஆம் ஆண்டில் லேடி வில்லிங்டன் பூங்காவாக அமைக்கப்பட்டு, நாடு விடுதலை பெற்றபின் இப்போதைய பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புள்ள இத்தோட்டத்தில் கல்லறைகளின் குவிமாடங்களுக்கு மேலே கரும்பருந்துகள் வட்டமிடுவதை எவரும் காணலாம். மரக்கிளைகளின் இடையே ஓசையின்றிப் பாய்ந்து செல்லும் வல்லூற்றைக் காண்பதற்கோ சற்றுப் பொறுமை வேண்டும்.

தில்லி வட்டாரத்துப் பறவைகளைப் பற்றி உஷா கங்கூலி எழுதிய கையேட்டை 1975-ஆம் ஆண்டில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. அத்தகைய நூல்களுக்கு அடிப்படையாக அமைவன பொதுமக்களும் காணக்கூடிய இடங்களில் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளே. ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் தத்தம் ஊர்ப் பூங்காவிலேயே அப்பணியைச் செய்ய முடியும். ஆனால், எதைக் கவனிப்பது என்பதோடு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

பறவையை அறிதல்

வடநாட்டில் ஷிக்ரா என்று வழங்கப்படும் வல்லூறு, மாடப்புறாவை ஒத்த பருமனுடையது. முதிர்ந்த பறவையின் முதுகு சாம்பல் கலந்த நீலநிறமானது. மார்பு வெண்மையானது, அதன்மீது துரு நிறத்தில் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமாக அமைந்திருக்கும். ஆணின் கண் சிவப்பு. பெண்ணின் கண் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். வேட்டைப் பறவைகள் பலவற்றிலும் காண்பதுபோல இங்கும் பெண்ணே ஆணைவிடப் பெரியது.

இளம் பறவையின் தோற்றம் வேறு. அதன் முதுகு பழுப்பு நிறமானது. மார்பில் குறுக்குக் கோடுகளுக்கு மாறாக, மேலிருந்து கீழாக அமைந்த பழுப்புத் தீற்றல்களும் துளி வடிவப் புள்ளிகளும் இருக்கும். தொண்டையின் நடுவில் கருமையான ஒரு கோடு இறங்கும். கண் வெளிறிய மஞ்சளாக இருக்கும். குறுக்குக் கோடாயின் முதிர்ந்தது, நெடுக்குத் தீற்றலாயின் இளையது என்று மாணவர்களுக்குக் கற்பித்துவிட்டால் பெரும்பாலும் தவறு நேராது.

ஒரு தவறுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை. அக்காக்குயில் நிறத்திலும், வால் கோடுகளிலும், பறக்கும் முறையிலும் வல்லூற்றை அப்படியே ஒத்திருக்கும். அது தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிடும் பறவை. எனவே, வல்லூற்றுக் குஞ்சு போன்ற பறவை ஒன்றுக்குத் தவிட்டுக்குருவிகள் இரையூட்டுவதைக் கண்டால் வியப்படைய வேண்டியதில்லை. அது குயிலின் குஞ்சே ஆகும். அலகையும் கால்களையும் பார்த்தால் ஐயம் நீங்கும். வல்லூற்றின் அலகு கொக்கிபோல் வளைந்தது; கால்கள் நீண்டு மஞ்சளாக, கூரிய நகங்களுடன் இருக்கும். குயிலுக்கு இவ்விரண்டும் இல்லை.

குரலை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் தவறாகலாம். வல்லூற்றின் இரட்டை அசைக் கூவலைக் கரிச்சான் குருவி செவ்வனே போலி செய்யும். ஆதலின், குரல் கேட்ட திசையில் பறவையைக் கண்டபின்னரே குறிப்பேட்டில் பதிதல் வேண்டும்.

கூடும் குஞ்சும்

வட இந்தியாவில் வல்லூறு இனப்பெருக்கம் செய்யும் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூன் வரையாகும். மா முதலிய அடர்ந்த இலையுள்ள மரத்தில், உயரமான கிளைக்கவட்டில், சுள்ளிகளை நெகிழ அடுக்கிக் கூடு கட்டும். பார்வைக்கு அது காக்கைக் கூட்டையே ஒத்திருக்கும். உள்ளே புல்லும் வேர்களும் பரப்பி, நீலம் தோய்ந்த வெள்ளை நிறத்தில் மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடும். 18 முதல் 21 நாட்களில் முட்டைகள் பொரியும்.

பொரித்த குஞ்சுகளின் உடலில் வெண்ணிறத் தூவியே இருக்கும். முதல் நாட்களில் தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ளும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. தாய்ப்பறவை அவற்றை அணைத்துக் காக்கிறது; வெயில் ஏறும்போது சிறகை விரித்து நிழல் தருகிறது. ஆண் பறவை ஓணான், பல்லி, சிறு பறவை, எலி, அணில், பெரிய பூச்சி ஆகியவற்றை வேட்டையாடிக் கொணரும். தாய் அதனைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊட்டும். இரண்டாம் வாரத்தில் இறகுக் குருத்துகள் தோன்றும். பின்னர்த் தூவிகளுக்கிடையே பழுப்பு இறகுகள் விரியும். ஏறத்தாழ ஒரு மாத வளர்ச்சிக்குப்பின் குஞ்சுகள் கூட்டை விட்டு அருகிலுள்ள கிளைகளுக்கு ஏறி நடக்கவும், சிறகடித்துத் தாவவும் தொடங்கும்.

அண்மையின் தீமை

கூட்டில் குஞ்சுகள் இருக்கும் காலத்தில் காமிராவுடன் ஒருவர் மரத்தடிக்கு வந்து நிற்பதாகக் கொள்வோம். தாய் அவரைக் கண்டு அலறியவாறு கூட்டை விட்டு எழுகிறது. அருகே அமர்ந்து சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. படம் எடுப்பவர் பத்து நிமிடமே நிற்பதாக எண்ணுகிறார். காக்கைக்கு அப்பத்து நிமிடம் மிகுதி. காவலற்ற கூட்டிலிருந்து முட்டையையோ சிறு குஞ்சையோ அது எளிதில் கவர்ந்து செல்லும். காக்கை வராவிடினும் வெயில் உண்டு. தில்லியில் மே மாதத்தில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடப்பது வழக்கம். நேர் வெயிலில் கிடக்கும் தூவிக் குஞ்சு நெடுநேரம் தாங்காது.

சிலர் படம் தெளிவாக விழவேண்டும் என்பதற்காகக் கூட்டை மறைக்கும் சிறு கிளைகளை வெட்டுவர் அல்லது கட்டி ஒதுக்குவர். அவர் அகற்றுவது வெறும் இலையன்று. குஞ்சின் குடையையும் திரையையும் ஆகும். அவர் வீடு திரும்பியபின்னும் அவ்வெயில் அக்கூட்டின்மீது விழுந்துகொண்டே இருக்கும். இனி, குஞ்சுகள் ஓரளவு வளர்ந்த பின்னரும் வேறோர் அபாயம் உண்டு. அருகில் மனிதர் ஏறி வரும்போது, இன்னும் பறக்கும் வலிமை பெறாத குஞ்சுகள் அஞ்சி நாட்கணக்கில் முன்னதாகவே கூட்டிலிருந்து குதித்துவிடும். தரையில் விழுந்தவற்றுக்கு நாயும் பூனையும் காத்திருக்கும்.

இத்தீமைகளுள் எதுவும் படத்தில் தெரிவதில்லை. படம் அழகாகவே இருக்கும். அதனைப் பாராட்டுபவர் அதன் விலையை அறியார்; எடுத்தவரும் பெரும்பாலும் அறியார். அழிவு நேர்வது அவர் சென்ற பிறகே ஆகும்.

சட்டமும் இதனை எளிதாகக் கருதவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் துப்பாக்கியோடும் கண்ணியோடும் நின்றுவிடவில்லை. காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துதலும், முட்டைகளையோ கூட்டையோ குலைத்துத் தொந்தரவு செய்தலும் அவ்விளக்கத்தில் அடங்கும். கையில் காமிராவை ஏந்தி நிற்பவரும் இவ்வரையறையை நினைவிற்கொள்ளுதல் நன்று.

கூட்டை நாடியது ஏன்?

புகைப்படக்காரர்கள் கூட்டை நாடும் வழக்கம் எங்ஙனம் வந்தது என்பது அறியத்தக்கது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892-ஆம் ஆண்டில் முட்டைகளுடன் கூடிய ஒரு பறவைக் கூட்டைப் படமெடுத்தனர். பின்னர், பஞ்சடைத்த எருதின் உடலுக்குள் ஒளிந்திருந்தும் பறவைகளைப் படம்பிடித்தனர். அக்காலத்துக் காமிரா பெரியது. ஒளியை மெதுவாகவே ஏற்கும் கண்ணாடித் தகடு கொண்டது. பறவை எங்கு வந்து அமரும் என்பது முன்கூட்டியே தெரிந்தாலன்றிப் படம் எடுக்க இயலாது. அவ்வாறு உறுதியாகத் தெரிந்த இடம் கூடு ஒன்றே. ஆகவே மறைவிடம் அமைத்துக் கூட்டருகே காத்திருப்பதே முறையாயிற்று.

அம்முறை படம் எடுப்போருக்கும் ஆபத்தானது. புகழ்பெற்ற பறவைப் புகைப்பட வல்லுநர் எரிக் ஹோஸ்கிங், 1937-ஆம் ஆண்டில் ஆந்தை ஒன்றின் கூட்டருகே சென்றபோது அதன் நகம் பாய்ந்து ஒரு கண்ணை இழந்தார். குஞ்சைக் காக்கும் வல்லூறும் தன் எல்லைக்குள் வருபவரின் தலையை நோக்கிப் பாயத் தயங்காது.

ஆக, கூட்டை நாடியது கருவியின் குறையினாலேயே ஆகும். அக்குறை இன்று இல்லை. கருவி மாறிய பின்னும் வழக்கம் மாறாதிருத்தல் பொருந்தாது.

தூரத்தின் கணக்கு

இதனை ஓர் எளிய கணக்கால் மாணவர்களுக்கு விளக்கலாம். பறவையின் நீளம் 30 சென்டிமீட்டர் எனவும், லென்சின் குவிய தூரம் 400 மில்லிமீட்டர் எனவும் கொள்வோம். பறவையின் நீளத்தை லென்சின் குவிய தூரத்தால் பெருக்கிப் பறவை இருக்கும் தூரத்தால் வகுத்தால், காமிராவுக்குள் விழும் பிம்பத்தின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும். 50 மீட்டர் தூரத்தில் பிம்பம் 2.4 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் வகைக் காமிராவில் படச்சட்டத்தின் உயரம் 24 மில்லிமீட்டர். ஆகவே, பறவை அதில் பத்தில் ஒரு பங்கு உயரத்திற்கு அமையும். 25 மீட்டர் தூரத்திலோ ஐந்தில் ஒரு பங்காகும்.

பத்தில் ஒரு பங்கு என்பது மிகச் சிறிது எனத் தோன்றலாம். ஆனால், 24 மெகாபிக்சல் காமிராவில் படத்தின் உயரம் ஏறத்தாழ 4000 புள்ளிகள். அதில் பத்தில் ஒரு பங்கு 400 புள்ளிகளாகும். மார்பிலுள்ளவை தீற்றல்களா குறுக்குக் கோடுகளா என்று பிரித்தறிய இது போதுமானது. அதாவது, 50 மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டே பறவையின் இனத்தையும் பருவத்தையும் ஐயமின்றிக் காட்டும் படத்தை எடுக்கலாம். இன்னும் அருகே செல்வதால் அறிவுக்குக் கிடைக்கும் பயன் சிறிது. பறவைக்கு நேரும் இடர் பெரிது.

தூரம் சரியானதா என்பதைப் பறவையே தெரிவிக்கும். அது இறகு கோதுதல், கண்மூடி ஓய்தல், இரை கிழித்தல் ஆகிய செயல்களில் ஈடுபட்டிருந்தால் நோக்குபவர் நிற்குமிடம் தகுந்தது. தலையைத் தாழ்த்தி உடலை ஒடுக்கி அவரையே உற்றுப் பார்த்தாலும், இடைவிடாது அலறினாலும், இரையைக் கவ்வியவாறே கூட்டுக்குச் செல்லத் தயங்கினாலும் அவர் உடனே பின்வாங்குதல் வேண்டும்.

கூடு நீங்கிய பின்

இளம் வல்லூறுகளைப் படமெடுக்க ஏற்ற காலம் அவை கூட்டில் இருக்கும் காலமன்று. கூட்டை நீங்கிய பின்வரும் சில வாரங்களே ஆகும். அப்போது அவை பறக்கக் கற்றிருப்பினும் வேட்டையாடக் கற்கவில்லை. பெற்றோரையே நம்பியிருக்கும். கூட்டு மரத்தைச் சுற்றியுள்ள கிளைகளில் வெளிப்படையாக அமர்ந்து, இரை வேண்டி ஓயாது கூவிக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடவேண்டிய தேவையே இல்லை. அவற்றின் குரலே இருப்பிடத்தைக் காட்டிவிடும்.

அவற்றின் செய்கைகளும் இப்போதுதான் சுவை மிகுந்தவை. ஒன்று மற்றொன்றின் இரையைப் பறிக்க முயலும். சருகையும் குச்சியையும் பாய்ந்து பற்றிப் பழகும். அணிலைத் துரத்தித் தோற்றுத் திரும்பும். கரிச்சானும் காக்கையும் விரட்ட, இலைகளுக்குள் ஒதுங்கும். இரையுடன் வரும் பெற்றோரை வழியிலேயே எதிர்கொண்டு பெறும். நாட்கள் செல்லச் செல்ல இரைவேண்டும் கூவல் குறையும். ஒருநாள் அவ்விடம் அமைதியாகும். குஞ்சுகள் தாமே வேட்டையாடிப் பிழைக்கச் சென்றுவிட்டன என்பது அதன் பொருள்.

படம் எடுப்போர் காலை முதல் இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம். ஒளி சாய்வாக விழுவதால் மார்பின் தீற்றல்கள் நன்கு தெரியும். வெப்பத்தால் காற்று அலைந்து படம் மங்குவதும் இல்லை. கதிரவனைத் தம் முதுகுப்புறம் வைத்துக்கொள்ளவேண்டும். அமர்ந்துள்ள பறவைக்கு ஷட்டர் வேகம் 1/250 வினாடி போதும். பறக்கும் பறவைக்கு 1/1000 வினாடியோ அதற்கு மேற்பட்ட வேகமோ தேவை. வானத்தின் பின்னணியில் அமர்ந்த பறவை கருத்த நிழலாக விழும். ஆகவே, காமிரா காட்டும் அளவைவிட ஒளியைச் சற்று மிகுதியாக அனுமதித்தல் வேண்டும். மின்னொளி விளக்கை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. பதிவுசெய்த குரலை ஒலித்துப் பறவையை அழைப்பதும், இரை வைத்து வரவழைப்பதும் தவிர்க்கத்தக்கவை. கைத்தொலைபேசியாலும் புதிய காமிராக்கள் சிலவற்றாலும் எடுக்கும் படத்துடன் இடத்தின் விவரமும் பதிவாகக்கூடும். இனப்பெருக்கக் காலத்தில் அவ்விவரத்தை நீக்கியபின்னரே படத்தைப் பிறருக்கு அனுப்புதல் வேண்டும்.

குறிப்பேடு

படம் ஒரு கணத்தை மட்டுமே காட்டும். அக்கணத்திற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததைக் குறிப்பேடே கூறும். காமிரா இல்லாத பள்ளியும் குறிப்பேட்டைக் கொண்டு நல்ல பணியாற்ற முடியும். நாள், நேரம், வானிலை, நோக்கிய இடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரம், பெற்றோர் இரை கொணர்ந்த தடவைகள், இரையின் வகை, குஞ்சுகளின் எண்ணிக்கை, அவற்றின் செய்கை, வேறு பறவைகளின் எதிர்ப்பு ஆகியவற்றை வரிசையாக எழுதவேண்டும். இரை இன்னதென்று தெரியாவிடில் ‘தெரியவில்லை’ என்றே எழுதவேண்டும். ஊகத்தை உண்மையாக எழுதிய ஒரு வரி, அப்பக்கம் முழுவதையும் ஐயத்திற்கு இடமாக்கிவிடும்.

மாணவர்களை ஒரே கூட்டமாக அழைத்துச் செல்லாமல் நால்வர் நால்வராகப் பிரித்து, அரைமணி நேரத்துக்கு ஒரு குழுவாக மாற்றலாம். ஒருவர் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நேரம் குறிக்க, மற்றவர் சுற்றுப்புறத்தைக் கவனிக்கலாம். கூடு வெறுமையான பின்னர் மரத்தடியில் கிடக்கும் இறகுகளையும், வல்லூறு கக்கிய சிறு உருண்டைகளையும் பார்வையிட்டால் அக்குடும்பம் உண்டவற்றின் சான்று கிடைக்கும். குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளையேறும் நாட்கள் வட இந்தியாவில் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு பெரும்பாலும் ஒத்துவருகின்றன. பூங்காவின் அருகே வசிக்கும் மாணவர்களிடம் அப்பொறுப்பை முன்னதாகவே ஒப்படைத்தல் நன்று.

தரையில் காணும் குஞ்சு

பறக்கப் பழகும் காலத்தில் இளம் வல்லூறு சில வேளைகளில் தாழ்ந்த கிளையிலோ புல்தரையிலோ அமர்ந்திருக்கும். அது அநாதையன்று. பெற்றோர் அருகிலேயே இருந்து இரையூட்டுவர். அதனை வீட்டுக்கு எடுத்துச் செல்வது, நோக்கம் இரக்கமாயினும், குஞ்சைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதேயாகும். நாயும் பூனையும் நெருங்காதவாறு தூரத்தில் நின்று காவல் செய்தலே போதும். காயமோ நூற்சிக்கலோ இருப்பின் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

நூற்சிக்கல் என்பது வெறும் கற்பனையான அபாயமன்று. தில்லியில் ஆகஸ்டு 15-ஆம் நாளை ஒட்டிக் காற்றாடி விடுவது பெரும் வழக்கம். மே, ஜூன் மாதங்களில் கூடு நீங்கிய இளம் பறவைகள் தம் முதல் சில மாதங்களிலேயே அக்காற்றாடி நூல்கள் நிறைந்த வானத்தைச் சந்திக்கின்றன. கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூல் இறகையும் தசையையும் அறுத்துவிடும்; அறுந்த நூல் மரங்களில் சிக்கிப் பல மாதங்கள் நிற்கும். தில்லி அரசு 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தகைய நூலுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதற்கும் தடை ஆணை பிறப்பித்தது. எனினும், தடை ஆணை மரத்தில் தொங்கும் நூலை அகற்றாது. அதனை அகற்றும் பணியை மாணவர் குழுக்கள், பூங்காப் பணியாளர்களின் துணையோடு, இனப்பெருக்கக் காலம் தொடங்குமுன் மேற்கொள்ளலாம்.

சிறு பதிவின் பெரும் பயன்

ஒரு பூங்காவின் ஒரு கூட்டைப் பற்றிய குறிப்பு யாருக்குப் பயன்படும் என்று சிலர் வினவலாம். 2023-ஆம் ஆண்டில் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்னும் அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்குநர் அளித்த 3 கோடிப் பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு 942 பறவை இனங்களின் நிலையை ஆராய்ந்தது. வேட்டைப் பறவைகள் மிகுதியாகக் குறைந்துவரும் தொகுதிகளுள் ஒன்று என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அப்பதிவுகளுள் மிகப்பெரும்பான்மை பறவைகளிடம் கொண்ட ஆர்வம் ஒன்றினாலேயே குறிப்பெழுதியவர்களின் பணியாகும். அவர்களுள் ஒவ்வொருவரும் எழுதியது ஒரு சில வரிகளே. சேர்ந்தபோது அவை ஒரு நாட்டின் பறவைகளுடைய நிலையைக் காட்டின.

பருவமழை தொடங்கும் வேளையில் ஆசிரியர் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், “மூன்று குஞ்சுகள் பறந்து சென்றன” என்று எழுத முடியுமாயின் அப்பருவத்தின் பணி நிறைவேறியது. அவரிடம் அழகிய படம் இல்லாமற் போகலாம். குஞ்சுகள் மூன்றும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அதே தோட்டத்தில் சுள்ளி சுமந்து செல்லும் வல்லூற்றை மாணவர்கள் காண்பதற்கு அதுவே வழி.